வருமளவும்: இரண்டாம் வருகையைக் கரிசலில் வாசித்தல்

1

கோவில்பட்டியிலிருந்து சாத்தூர், எட்டயபுரம், கழுகுமலை என்று எந்தப் பக்கம் போனாலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலோ ஓடைக்கரைப் பாறையிலோ 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மங்கிப்போன எழுத்தின் மேலேயே திரும்பவும் சுண்ணாம்பு அடித்து எழுதுகிறார்கள். 'சீக்கிரம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் கிறிஸ்தவத்தின் இரண்டாயிரம் வருஷப் பிரச்சினை. இடதுசாரி நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இறையியல் கல்லூரியில் படித்த ஆயர்களோ சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். இந்த வாக்கியத்தை யார், எந்த நிலத்தில் நின்று, எதற்காக வாசிக்கிறார்கள் என்று இரண்டு தரப்புமே கேட்பதில்லை.

கேட்டாக வேண்டிய நெருக்கடி நமக்கு இருக்கிறது. கூலி உயர்வுக்குக் கூட்டம் போட்டால் விரல்விட்டு எண்ணுகிற அளவு ஆள் வருகிற அதே தெருவில், உபவாசக் கூட்டம் என்றால் பந்தல் கொள்ளாமல் ஆள் சேருவதைக் களத்தில் வேலை செய்கிற தோழர்கள் அறிவார்கள். 'அபின்' என்று ஒரு வார்த்தையில் இதைத் தள்ளிவிடலாம். தள்ளிவிட்டால் அந்த ஜனங்களையும் சேர்த்துத் தள்ளியவர்களாவோம். வருகையைப் பற்றிய வியாக்கியானங்கள் ஒன்றோடொன்று ஏன் மோதுகின்றன, அந்த மோதலில் எந்த வரி எப்போதும் காணாமல் போகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

தமிழில் 'வருகை' என்று நிற்கிற சொல்லின் கிரேக்க மூலம் 'பரூசியா'. அது அரண்மனைச் சொல். அரசனோ அவன் பிரதிநிதியோ ஓர் ஊருக்கு வருவதை அது குறித்தது. அந்த வருகைக்கென்று தனி வரி போட்டார்கள், பாதை செப்பனிட்டார்கள், ஊர்ப்பெரியவர்கள் எல்லைக்கு வெளியே போய் எதிர்கொண்டு அழைத்து வந்தார்கள். ஜமீன் பார்த்த எட்டயபுரம் வட்டாரத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சொல்லைத்தான் பவுல், பேரரசு சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு கிராமத்தானுக்குக் கொடுக்கிறார். சீசருடையதைச் சீசரிடமிருந்து பிடுங்குகிற காரியம் அது.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில் விசுவாசிகள் மேகத்துக்குள் போய் ஆண்டவரை எதிர்கொள்கிறார்கள். எதிர்கொண்ட பிறகு எந்தத் திசையில் போகிறார்கள் என்று பவுல் சொல்லவில்லை. அரண்மனை வழக்கப்படி வாசித்தால், எல்லைக்குப் போனவர்கள் வந்தவரை ஊருக்குள் அழைத்து வருகிறார்கள். வருகை இந்தப் பூமிக்குத்தான். இன்னொரு வாசிப்பில் அவர்கள் மேலேயே போய்விடுகிறார்கள். ஊர் அழிவுக்கு விடப்படுகிறது. இரண்டாவது வாசிப்பை 1830களில் ஜான் நெல்சன் டார்பி ஒரு முறைமையாகக் கட்டினார். முதலில் 'இரகசிய வருகை', நடுவில் ஏழு வருஷ 'மகா உபத்திரவம்', பிறகு 'பகிரங்க வருகை', அப்புறம் ஆயிர வருஷ அரசாட்சி. 1909இல் அமெரிக்காவில் ஸ்கோஃபீல்ட் தன் வேதாகமத்தின் அடிக்குறிப்புகளில் இந்த அட்டவணையை ஏற்றியபோது, அடிக்குறிப்பே பிரதியாகிவிட்டது. இன்றைக்கு நம் ஊர்க் கூட்டங்களில் துணித்திரையில் தொங்குகிற காலவரிசைப் படம் இதன் வாரிசுதான்.

வேறு வாசிப்புகளும் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்து ஆயிரம் வருஷம் என்பது திருச்சபையின் காலமே என்றார் அகஸ்டின். அப்படியென்றால் காத்திருப்பதில் அவசரம் இல்லை; சபை இருக்கிறது, அது போதும். உலகம் சிறுகச் சிறுகத் திருந்திய பிறகே அவர் வருவார் என்று 18, 19ஆம் நூற்றாண்டு மிஷனரி இயக்கங்களில் பலர் நம்பினார்கள். இயேசுவின் ஊழியத்திலேயே தேவராஜ்யம் வந்துவிட்டது, இனி வருவதற்கு மீதி அதிகமில்லை என்ற பொருளில் சி.எச். டாட் 1935இல் எழுதினார். ஆதிச் சபையின் 'மாரநாதா' என்ற அரமேயச் சொல்லையே இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒரு பிரிப்பில் 'ஆண்டவர் வந்துவிட்டார்', மற்றதில் 'ஆண்டவரே வாரும்'. சண்டை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. ஆனால் இருக்கிற ஒழுங்கில் இடம் கிடைத்தவர்கள் வருகையைத் தள்ளிப்போடுகிற வாசிப்பையும், இடம் மறுக்கப்பட்டவர்கள் அதை அவசரப்படுத்துகிற வாசிப்பையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நெல்லைச் சீமையின் வரலாறே சாட்சி.

3

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் வருகையைப் பற்றி என்ன பிரசங்கித்திருந்தாலும், அவர்கள் நடைமுறை வேறொன்றைச் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கென்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்கள், பள்ளிக்கூடம், கிணறு, அச்சகம். ராஜ்யம் தவணை முறையில் வந்துகொண்டிருந்தது. அந்தத் தவணையால் படித்து மேலே வந்தவர்கள் உண்டு. அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் தவணை யாருக்கு முதலில் கிடைத்தது, கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி எழாமல் இருக்கவில்லை. 1857இல் நாசரேத்தில் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் வெள்ளைக்கார மிஷனின் அதிகாரத்தை உதறிவிட்டு இந்து கிறிஸ்தவ சபையை நிறுவியது அந்தக் கேள்வியின் ஒரு வடிவம். அந்தச் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரித்தது. அந்த ஓய்வுநாள் வழியாகவே, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஏழாம் நாள் அட்வெந்து சபையார் பக்கத்துப் பிரகாசபுரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று அமெரிக்காவில் காத்திருந்து ஏமாந்த கூட்டத்தின் வழிவந்தவர்கள் அவர்கள். சபையின் பெயரிலேயே வருகை இருக்கிறது.

ரேனியஸிடம் படித்தவர் ஜான் கிறிஸ்தியன் அருளப்பன். அந்தோணி நோரிஸ் குரோவ்ஸின் தொடர்பால் பிளிமத் சகோதரர்களின் வழிக்கு வந்தார். மிஷன் சம்பளம் வேண்டாமென்று 1840களில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். அங்கே 1860இல் எழுப்புதல் தொடங்கியது. அழுகை, நடுக்கம், தரிசனம், அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம். குருப்பட்டமும் இல்லாத, பள்ளிக்கூட வாசலும் மிதிக்காத ஆணும் பெண்ணும் சபை நடுவில் எழுந்து நின்று பேசினார்கள். மிஷன் அலுவலகங்களுக்கு இது ஒழுங்கீனமாகத் தெரிந்தது. நமக்கு இது வேறு விதமாகத் தெரிய வேண்டும். 'காலம் சமீபம்' என்றால் படிநிலைக்கு நேரமில்லை. முடிவு நெருங்கிவிட்டது என்கிற நம்பிக்கை, பேசும் உரிமையைச் சட்டென்று பங்குபோட்டுவிடுகிறது.

அந்த அலை மலை தாண்டித் திருவிதாங்கூர் போனது. அங்கே பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1875இல் நின்றுகொண்டு ஆறு வருஷத்தில் ஆண்டவர் வருவார் என்று கணக்குச் சொன்னார். 1881 வந்தது. எதிர்பார்த்த விதமாக யாரும் வரவில்லை. அவர் கூட்டம் கலைந்துவிடவில்லை. யுயோமய சபை என்று தனியாக நிலைபெற்றது. தேதி பொய்த்தாலும் சமூகம் பொய்ப்பதில்லை. காத்திருக்கக் கூடியவர்களுக்குக் காத்திருப்பைவிடக் கூடியிருந்ததே பெரிதாகிவிடுகிறது. தேதி தவறியதைச் சுட்டிக்காட்டினால் நம்பிக்கை உடைந்துவிடும் என்று எண்ணுகிற பகுத்தறிவாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1924இல் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் இந்தக் காத்திருப்பை அன்றாட ஒழுங்காக மாற்றியது. வெள்ளை உடை, மணம் புரியாத ஊழியர்கள், பொதுவில் வாழும் விசுவாச வீடுகள், மருந்து மறுப்பு. இவர்களையும் இவர்களைப் போன்றவர்களையும் ஊரில் பொத்தாம்பொதுவாக 'அல்லேலூயாக்காரங்க' என்பார்கள். நகை கழற்றுவது பெந்தெகொஸ்தேயினரின் அடையாளமாயிற்று. நகையை வைத்து அந்தஸ்தை அளக்கிற ஊரில், போட்டுக்கொள்ள நகையில்லாதவளுக்கு அது திடீரென்று ஒரு கௌரவம். இல்லாமை துறவாக மாறுகிறது. அதே சமயம், சம்சாரி வீட்டுப் பெண்ணுக்கு அவசரத்துக்கு அடகு வைக்க இருந்த ஒரே சொத்தும் அதுதான். விடுதலையும் இழப்பும் ஒரே திருகாணியில் கழன்று வருகின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறவர் பாதி சொல்கிறார்.

வருகை நிகழ்ந்தே விட்டது என்றவர்களும் உண்டு. அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் பிரன்ஹாமின் செய்தியோடு தொடர்புகொண்டிருந்த பாலாசீர் லாரி, முக்கூடல் பக்கம் ஓடைமறிச்சானில் மனுஜோதி ஆசிரமத்தை நிறுவினார். வரவேண்டிய மனுஷகுமாரன் அவரே, கல்கி அவதாரமும் அவரே என்றார்கள் அவரைப் பின்பற்றியவர்கள். 1989இல் அவர் மறைந்தார். இதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்கத் தேவையில்லை. வைகுண்டரின் தர்மயுகத்தைக் கேட்ட தெற்குச் சீமையில் 'வருகிறவர்' என்ற இடம் எப்போதும் காலியாகவே இருந்திருக்கிறது. அதில் யார் உட்காருவது என்பதுதான் சண்டை. ஆனால் ஒருவர் உட்கார்ந்துவிட்ட அந்த நிமிஷமே காத்திருப்பு முடிந்து கீழ்ப்படிதல் ஆரம்பித்துவிடுகிறது.

4

அடையாளம் பார்ப்பவர்களுக்குப் பிரியமான அதிகாரம் மத்தேயு 24. யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் இந்தச் சீமை காய்ந்தது. அந்தச் சமயம் ஆயிரக்கணக்கானோர் மிஷன் சபைகளில் சேர்ந்தார்கள். பஞ்சத்தைக் கடைசிக் காலத்தின் அடையாளம் என்று வாசிக்கும்போது ஒரு விஷயம் மறைந்துபோகிறது. அதே காலத்தில் லிட்டன் ஆட்சியில் தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. வானம் பொய்த்தது உண்மை. ஆனால் ஜனங்களைக் கொன்றதில் கச்சேரிக்கும் துறைமுகத்துக்கும் பங்குண்டு. 'அடையாளம்' என்ற சொல் காரணத்தைத் தேடவிடாமல் கையைக் கட்டிவிடுகிறது.

அதே அதிகாரத்தில் வயலில் இருக்கும் இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுகிறார், மற்றவர் விடப்படுகிறார். எடுத்துக்கொள்ளப்பட்டவர் பாக்கியவான், விடப்பட்டவர் கைவிடப்பட்டவர் என்பது இன்றைய பொதுப் பிரசங்கம். ஆனால் அதற்குச் சற்று முன்னே நோவாவின் வெள்ளம் பேசப்படுகிறது. அங்கே வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் செத்தவர்கள். விடப்பட்டவர்களே பிழைத்தவர்கள் என்று இதை நேர்மாறாக வாசிக்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். ரோமாபுரிச் சிப்பாய் வந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற நாட்டில் 'எடுத்துக்கொள்ளப்படுதல்' பரவசமான சொல்லாக இருந்திருக்காது. கரிசலிலும் அப்படித்தான். 1980களில் விடியுமுன் இருட்டிலேயே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமத்துக்குள் வந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளப்பட்டது, சின்னது விடப்பட்டது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து தலித் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கிய பிறகு, திடீரென்று வருகிறவர்களைப் பற்றி நம் ஜனங்களுக்கு யாரும் வியாக்கியானம் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள் என்பது பவுலின் வாக்குறுதி. எந்தக் கல்லறையிலிருந்து? தமிழ்நாட்டில் சாதிவாரியாகக் கல்லறை வைத்திருக்கிற சபைகள் உண்டு. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்தது ஊரறிந்த விஷயம். எக்காளம் ஊதும்போது எழுந்திருக்கிறவர்கள் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று எந்தக் காலவரிசைப் படமும் காட்டுவதில்லை. இரகசிய வருகையா பகிரங்க வருகையா என்று மூன்று நாள் மாநாடு போடுகிறவர்கள், இந்தப் பகிரங்கமான சுவரைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினால் தேவலை.

5

வருகையைப் பற்றிய வேதப்பகுதிகளில் கரிசலுக்கு மிக நெருக்கமானது யாக்கோபின் கடிதம், 5ஆம் அதிகாரம். ஆண்டவர் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுகிற யாக்கோபு, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிற விவசாயியை உதாரணம் காட்டுகிறார். இங்கே தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு காரியம் செய்திருக்கிறது. கிரேக்கத்தில் ஆண்டவருக்கு 'பரூசியா' என்ற பெயர்ச்சொல். மழைக்கோ 'பெற்றுக்கொள்ளும்வரை' என்ற பொருளில் வேறு வினை. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆண்டவருக்கும் 'வருமளவும்', மழைக்கும் 'வருமளவும்'. ஒரே சொல். மழையும் ஆண்டவரும் ஒரே வினையில் வருகிறார்கள். வானம் பார்த்த பூமிக்காரன் காதுக்கு இது விளக்கம் வேண்டாத இணைப்பு.

பெந்தெகொஸ்தே வாசிப்பு இந்த மழையை ஆவியாக்கிவிட்டது. முதல் நூற்றாண்டின் பெந்தெகொஸ்தே நாள் முன்மாரி. இருபதாம் நூற்றாண்டின் அபிஷேகம் பின்மாரி. யோவேல் தீர்க்கதரிசியைத் துணைக்கு வைத்துச் செய்த அழகான உருவகம்தான். ஆனால் உருவகம் ஏறியதும் நிலம் நழுவிவிட்டது. கரிசல் சம்சாரி மழைக்குக் காத்திருப்பது கையைக் கட்டிக்கொண்டு அல்ல. கோடை மழைக்கே உழுது போடுகிறான். பருவமழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு விதைக்கிறான். எறும்பு இழுத்தது போக, மழை பிந்தினால் கருகியது போக மிச்சத்தில் முளைக்கிறது. வருமோ வராதோ என்கிற ஒன்றை நம்பிக் கையிலிருக்கிற விதையைப் புழுதியில் போடுவதுதான் இங்கே காத்திருப்பின் அர்த்தம். மேகாட்டுல மின்னுது, அந்தா வருது இந்தா வருதுன்னு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவனைச் சம்சாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு நழுவல் இதைவிட மோசமானது. பொறுத்திருங்கள் என்கிற அந்த வாக்கியம் 'ஆகையால்' என்ற பொருள்படும் இணைப்புச் சொல்லோடு தொடங்குகிறது. எதனால்? மூன்று வசனம் மேலே போனால் தெரியும். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுந்துவிட்டது. அதற்காகவே வருகை. வருகிறவர் கூலித் தகராறைத் தீர்க்க வருகிறார். வருகையைப் பற்றிய பிரசங்கங்களில் ஏழாம் வசனம் ஒலிபெருக்கியில் கேட்கிறது. நாலாம் வசனத்துக்குக் கரண்டு போய்விடுகிறது. இரகசியம், பகிரங்கம், ஆயிர வருஷத்துக்கு முன், பின் என்று மோதிக்கொள்கிற அத்தனை கட்சிகளும் இந்த ஒரு மௌனத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன.

இதிலும் நுணுகிப் பார்க்க வேண்டியது உண்டு. மழைக்குக் காத்திருக்கிறவனும் கூலி கேட்கிறவனும் ஒரே ஆள் இல்லை. சம்சாரி வெள்ளாமைக்குக் காத்திருக்கிறான். கூலிக்காரி களையெடுப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் காத்திருக்கிறாள். ஒரே மழை, இரண்டு காத்திருப்பு. சபையின் போதனை முதலாவது ஆளோடு தன்னை அடையாளப்படுத்திக்கொண்டது. கரிசல் இலக்கியமும் பெரும்பாலும் அப்படித்தான் செய்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

6

அதற்கு விலக்கும் இந்த மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. இடைசெவல் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் தீபாவளிக்கு ஒரு வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை ராஜா வருகிறார். ஏழை வீட்டு வாசலுக்கோ சொறி பிடித்த ஓர் அநாதைச் சிறுவன் வருகிறான், அவன் பேரும் ராஜா. தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டி, வீட்டு ஆளுக்கென்று இருந்த துணியை உடுத்திவிடுகிறாள். அழகிரிசாமி வேதத்தை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மத்தேயு 25க்கு இதைவிடத் துல்லியமான வியாக்கியானம் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 24உம் 25உம் ஒரே பேச்சு. 24இல் அடையாளங்கள், 25இன் கடைசியில் அரியணையில் அமர்ந்த ராஜா, தான் ஏற்கெனவே பசித்தவனாக, அந்நியனாக, துணியில்லாதவனாக வந்துபோனதாகச் சொல்கிறார். கவனிக்க வேண்டியது, வலது பக்கத்தாரும் இடது பக்கத்தாரும் ஒரேபோல ஆச்சரியப்படுகிறார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தேடுவதே வீண் என்று அந்தப் பேச்சு தன்னைத்தானே கட்டுடைத்துக்கொள்கிறது. 'எப்போது' என்ற கேள்வியோடு தொடங்கியது 'யார்' என்ற கேள்வியில் போய் முடிகிறது.

இதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இதைத் தர்மம் செய்யச் சொல்லும் கதையாகச் சுருக்கிவிடலாம். கிறிஸ்துமஸுக்குப் போர்வை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வதும் மத்தேயு 25இன் பெயரால்தான் நடக்கிறது. தாயம்மாள் தர்மம் செய்யவில்லை. தன்னிடம் உபரி இல்லாதபோது அவனைத் தன் பிள்ளைகளோடு ஒன்றாக்கினாள். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு (1940-2005) 'ஒரே உலை' என்று பேசியது இதை ஒட்டியதே. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் ஒன்றாகத் தின்பதுதான் அவருக்குத் தேவராஜ்யம். சாதிக்கு இதைவிடப் பயங்கரமான கடைசிநாள் கிடையாது. தர்மத்துக்குப் பந்தி தனித்தனியாக இருக்கலாம், உலைக்கு முடியாது.

7

கடைசியாக நம்மைப் பற்றி. தேதி குறித்தவர்களைப் பார்த்துச் சிரிக்க இடதுசாரிகளுக்கு அருகதை குறைவு. எழுபதுகளை விடுதலையின் பத்தாண்டாக்குவோம் என்றும், 1975க்குள் விடுதலை என்றும் சாரு மஜும்தார் கணக்குச் சொன்னதற்கும் ஜஸ்டஸ் ஜோசப்பின் 1881க்கும் தர்க்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நம்மிடமும் அகஸ்டின்கள் உண்டு. கட்சி இருக்கிறது, அது போதும் என்பவர்கள். தவணைக்காரர்களும் உண்டு. 1991க்குப் பிறகு 'வரும்' என்ற சொல்லையே உச்சரிக்கக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. வால்டர் பெஞ்சமின் 1940இல் எழுதிய வரலாறு பற்றிய குறிப்புகளில், தானாக முன்னேறிக்கொண்டே போகும் வரலாறு என்கிற நம்பிக்கையைத்தான் தோழர்களின் பெரிய பலவீனமாகக் கண்டார். முறிவு எந்த நொடியிலும் நிகழக்கூடும் என்ற எதிர்பார்ப்பை யூத மரபிலிருந்து எடுத்துப் புரட்சிக்குக் கொடுத்தார். நம்மிடம் அந்த எதிர்பார்ப்பு வற்றிவிட்டது. உபவாசப் பந்தலில் அது இன்னும் ஈரமாக இருக்கிறது.

அந்த ஜனங்களின் அவசரத்தை அவர்களிடமிருந்து பறிப்பது நம் வேலையாக இருக்கக் கூடாது. இந்த உலகம் இப்படியே நீடிக்க முடியாது, நீடிக்கக் கூடாது என்று அவர்கள் சொல்கிறார்கள். அது நம் கொள்கை அறிக்கையின் முதல் வரி. செய்ய வேண்டியது அவர்கள் கையிலுள்ள புத்தகத்தையே அவர்களோடு உட்கார்ந்து முழுசாக வாசிப்பது. ஏழாம் வசனம் வாசிக்கப்படும்போது, 'ஐயா, நாலாம் வசனத்தையும் வாசிங்க' என்று கேட்கிற ஒரு குரல் பந்தலுக்குள்ளிருந்து எழ வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவள் அநேகமாகத் தீப்பெட்டிக் கட்டு ஒட்டிவிட்டோ பருத்தி எடுத்துவிட்டோ வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்திதான். அவளுக்கு வர வேண்டிய கூலி இன்னும் வரவில்லை.